மாலபேக் கல்லூரியும் பொறாமை என்னும் வாதமும்

மாலபேயில் இயங்கிய ‘சைட்டம்’ தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எழுந்த எதிர்ப்பை அரச பல்கலைக்கழக மாணவரின் பொறாமையென்று தள்ளிவிட்டு, வெளிநாட்டுப் படிப்புக்காக வெளியேறும் பணத்தை உள்நாட்டிலேயே நிறுத்த வந்த முயற்சி கெடுக்கப்பட்டதாக வாதிடுவோர், வசதியாக ஒன்றை மறந்துவிடுகின்றனர். வெளிநாட்டில் பட்டம் பெற்றவர் இலங்கை மருத்துவ சபை நடத்தும் தகுதிகாண் பரீட்சையில் தேறிய பின்னரே உள்ளகப் பயிற்சிக்கு, அதாவது மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளரைக் கவனிக்கும் கட்டாயப் பணிக்கு, அனுமதிக்கப்படுகிறார். மாலபேப் பட்டதாரிகளோ அப்பரீட்சையின்றியே பதிவு கோரினர்.

சபையின் ஆட்சேபம் கட்டணத்தைப் பற்றியதன்று. நோயாளர் வரவு குறைந்த மருத்துவமனையில் கற்பவருக்கு, குறிப்பாகக் காயங்களையும் சடலங்களையும் ஆராய்ந்து நீதிமன்றத்துக்குச் சான்றளிக்கும் சட்ட மருத்துவத்தில், போதிய நேரடிப் பயிற்சி கிடைக்கவில்லை என்பதே அதன் முறைப்பாடு. மாலையில் தனியார் மருத்துவமனைகளில் கட்டணம் வாங்கும் அரச மருத்துவர்கள் இலவசக் கல்விக்குக் கொடி பிடித்தது முரண்தான். அதனால் அந்த முறைப்பாடு பொய்யாகிவிடாது.

2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மாலபேப் பட்டதாரி ஒருவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்ததையும், 2018இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ததையும் சான்றாகக் காட்டுவோர், பதிவை மறுக்கச் சபைக்குச் சட்ட அதிகாரம் உண்டா என்பதே அங்கு முதன்மையான வினாவாயிருந்தது என்பதைச் சொல்வதில்லை. மாலபே மாணவர்கள் ஈற்றில் மாற்றப்பட்ட கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகமும் கட்டணம் பெற்று மருத்துவம் கற்பிப்பதே. பணம் மட்டுமே பிணக்காயிருந்தால் அந்த ஏற்பாட்டோடு கிளர்ச்சி தணிந்திருக்காது.