கையும் களவுமாக: காவலாளிப் பரீட்சையும் நமது கடமையும்

சென்ற மாத வாசிப்புக் கூட்டம் முடிந்து, தேநீர்க் குவளைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்த வேளை. நம்மோடு பல ஆண்டுகளாக வாசித்துவரும் மூத்த நண்பரொருவர் தமது பையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்து, சற்றே தயக்கத்தோடு மேசைமேல் வைத்தார். அவர் ஊரிலே கணிதம் படிப்பித்தவர். நாமெல்லோரும் அவரை 'மாஸ்ரர்' என்றே அழைப்போம். அன்று பேசிய நாவலைப் பற்றிய குறிப்புகளாக இருக்கும் என எண்ணித்தான் கையில் எடுத்தோம். ஆனால் அது பிரதிக்குப் பிரதியாக எடுத்து எழுத்தெல்லாம் மங்கிப்போன ஆங்கில வினாக்கொத்து. ஒவ்வொரு வினாவுக்கும் கீழே ஏ, பி, சி, டி என ஓர் எழுத்து மட்டும் பேனையால் வட்டமிடப்பட்டிருந்தது. ஏன் அந்த விடை சரி என்பதற்கு ஒரு வரி விளக்கமும் இல்லை.

"தம்பியவை, முப்பது வருசம் பிள்ளையளுக்குச் சோதினை வைச்சனான். இப்ப எனக்கு வைக்கிறாங்கள். இதை முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு போனன். அங்கை வசனத்தை மாத்திக் கேட்டிட்டாங்கள். பெயில்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நம்மில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒன்ராறியோ மாகாணத்தில் பாதுகாப்பு உத்தியோகத்தர் அனுமதிப்பத்திரம் பெறுவதற்கான பரீட்சை அது. நம்மவர் பேச்சில் 'செக்யூரிட்டி லைசென்ஸ்'. நமது வாசகர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. தொடர்மாடிகளின் முன்கூடத்திலும் கட்டுமானத் தளங்களின் தகரக் கொட்டிலிலும் இரவு முழுதும் விழித்திருந்து, விடிவதற்குள் ஒரு நாவலையும் முடித்துவிட்டு வீடு திரும்பியவர்கள் நமது வட்டத்திலேயே பலர். ஆயினும் இத்தனை ஆண்டுகளில் இத்தொழிலைப் பற்றி நாம் ஒரு வரியும் எழுதியதில்லை. அது வயிற்றுப்பாட்டுக்கான வேலை, இலக்கியம் வேறு என்று ஒதுக்கியே வைத்திருந்தோம். அந்த ஒதுக்கல் பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் இப்பரீட்சை ஏன் வந்தது என்பதைச் சொல்லவேண்டும். 1999 செப்டெம்பரில், நம்மவர் செறிந்து வாழும் இதே ஸ்காபரோவில், பற்றிக் சாண்ட் என்பவர் ஒரு மளிகைக் கடைக்கு வெளியே இறந்துபோனார். கடையில் பொருள் திருடினார் என்ற சந்தேகத்தில் கடை ஊழியரும் பாதுகாப்பு ஊழியரும் அவரை மடக்கி அழுத்திப் பிடித்ததன் முடிவு அது. அக்காலத்தில் இம்மாகாணத்தில் காவலாளி வேலைக்குக் கட்டாயப் பயிற்சி எதுவும் இருக்கவில்லை. 2004இல் நடந்த மரண விசாரணையில் நடுவர் குழு 22 பரிந்துரைகளை முன்வைத்தது. கட்டாயப் பயிற்சி அவற்றுள் முக்கியமானது. அதன் தொடர்ச்சியாகத் தனியார் பாதுகாப்பு மற்றும் புலனாய்வுச் சேவைகள் சட்டம் 2005இல் நிறைவேறி, 2007 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 2010இல் பயிற்சியும் பரீட்சையும் கட்டாயமாயின. முதலுதவி உட்பட 40 மணிநேரப் பயிற்சி. பின்னர் 60 பல்தேர்வு வினாக்கள் கொண்ட தேர்வு. ஆக, மாஸ்ரரின் மங்கிப்போன வினாத்தாளுக்குப் பின்னால் ஒரு மனிதரின் மரணம் இருக்கிறது. பிழையான இடத்தில் வட்டமிடுவதன் விலை வெறும் புள்ளிகள் அல்ல என்பதை அறிந்த பின்னர்தான் அந்தத் தாளைத் தொடவேண்டும் என்பது நமது எண்ணம்.

இலக்கிய வாசகருக்கு இது புதிய செய்தியும் அன்று. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நினைத்துப் பாருங்கள். பொற்கொல்லன் காவலரை அழைத்துவந்து கோவலனைக் காட்டுகிறான். அவனது தோற்றத்தைக் கண்ட காவலன், இவன் கள்வன்போலத் தெரியவில்லையே என்று தயங்குகிறான். பொற்கொல்லனோ கள்வரின் தந்திரங்களை அடுக்கி அத்தயக்கத்தைக் கரைக்கிறான். இன்னொருவன் தான் முன்னொருநாள் இருளில் எதிர்கொண்ட ஒரு கள்வனின் கதையைச் சொல்கிறான். அத்தனை பேச்சுக்கும் இடையே, கல்வியறிவில்லாத, மதிமயங்கிய ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கோவலன் திருடியதை அங்கிருந்த எவரும் பார்க்கவில்லை. பிறர் சொல்லும், முன்னனுபவத்தில் விளைந்த அச்சமும், மேலிடத்து உத்தரவும் மட்டுமே அங்கே சாட்சிகள். அரசன் ஆராயாது ஆணையிட்டதை நாம் மேடைதோறும் பேசியிருக்கிறோம். பயிற்சியற்ற அந்தக் கையைப் பற்றிப் பேசியது அரிது.

கனடாக் குற்றவியல் சட்டத்தின் 494ஆம் பிரிவு இந்த இடத்தைத்தான் தொடுகிறது. சாதாரணக் குடிமகன் ஒருவர் இன்னொருவரை எப்போது கைதுசெய்யலாம் என்று அது வரையறுக்கிறது. காவலாளி பொலிஸ் அல்லர். சீருடை அணிந்திருந்தாலும் கைது விடயத்தில் அவருக்கு உள்ள அதிகாரம் பெரும்பாலும் குடிமகனுக்கும் சொத்தின் உரிமையாளருக்கும் உள்ள அதிகாரந்தான். அதன் மைய நிபந்தனை, குற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் அதைக் கண்டிருக்கவேண்டும் என்பது. மாஸ்ரரை வீழ்த்திய வினாக்களில் ஒன்றும் இதுவே. கடை ஊழியர் ஒருவர் ஓடிவந்து, 'அந்த மனிதர் திருடிவிட்டார்' என்று காவலாளியிடம் சொல்கிறார். காவலாளி எதையும் பார்க்கவில்லை. அவர் என்ன செய்யவேண்டும்? வினாக்கொத்தில் இருந்த கதையில் காவலாளியே பார்த்திருந்தார். பரீட்சையில் வந்த கதையில் வேறொருவர் பார்த்திருந்தார். மாஸ்ரர் பழைய எழுத்துக்கே வட்டமிட்டார்.

அன்று மாலை அந்த ஆங்கில வாசகத்தை எப்படித் தமிழில் சொல்வது என்று நாம் தடுமாறிக்கொண்டிருந்தபோது, நம்மில் ஒருவர் சட்டென்று, "கையும் களவுமாக" என்றார். மாஸ்ரரின் முகம் மலர்ந்துவிட்டது. நமது பாட்டிமார் சண்டைக்கு நடுவே வீசிய சொல்லில் அந்த நிபந்தனையின் சாரம் முழுதும் அடங்கிக் கிடந்தது. கையையும் களவையும் ஒருசேரக் கண்டாயா? கண்டிருந்தால் ஒரு வழி. காணாவிட்டால் கவனி, குறித்துவை, பொலிசுக்குத் தெரிவி. அதன்பிறகு அந்த வினாவை எப்படித் திருப்பிப் போட்டுக் கேட்டாலும் அவர் தவறவில்லை.

அடுத்து 'மே', 'ஷல்' என்ற இரு சிறு சொற்கள். முதலாவது, செய்யலாம். இரண்டாவது, செய்தே ஆகவேண்டும். குடிமகன் கைது செய்யலாம், அது உரிமை. கைது செய்தால் தாமதமின்றிப் பொலிசிடம் ஒப்படைத்தே ஆகவேண்டும், அது கடமை. ஒரே பிரிவுக்குள் இவ்விரண்டும் அருகருகே நிற்கின்றன. ஆங்கிலத்தை வேகமாக வாசிப்பவர் இவ்வேறுபாட்டைக் கடந்து போய்விடுவார். 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்யவேண்டும்' என்பதற்கும் உள்ள தூரம் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் விளங்கும்.

மிகக் கடினமான சொல் 'ரீசனபிள்'. நியாயமான அளவு பலம், நியாயமான நேரம், நியாயமான காரணம். அளவு எவ்வளவு என்று சட்டம் எண்ணில் சொல்வதில்லை. 2009இல் ரொறன்ரோ சீனச் சந்தையில் டேவிட் சென் என்ற கடைக்காரர், தம் கடையில் முன்னர் திருடிச் சென்ற ஒருவர் சிறிது நேரத்தின்பின் மீண்டும் வந்தபோது பிடித்துக் கட்டிவைத்தார். வழக்கு அவர்மீதே பாய்ந்தது. 2010இல் அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் சட்டம் திருத்தப்பட்டு, தம் சொத்தின்மீது குற்றம் நடப்பதைக் கண்டவர், பொலிஸ் வந்து கைதுசெய்வது சாத்தியமில்லை என நம்ப நியாயமான காரணம் இருந்தால், நியாயமான கால அளவுக்குள் பின்னரும் கைதுசெய்யலாம் என்ற ஏற்பாடு 2013இல் நடைமுறைக்கு வந்தது. பழைய வினாக்கொத்தை நம்பிப் பாடமாக்குபவர் இத்தகைய மாற்றங்களை அறியமாட்டார். கதையை அறிந்தவர் விதியை மறக்கமாட்டார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'கையை வைக்காதே, தொலைபேசியை எடு என்றுதான் பல கம்பனிகள் சொல்கின்றன. பிறகு எதற்கு இவ்வளவு சட்டம்?' நியாயமான கேள்விதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு முன்கூடத்தில் ஒருவர் கத்திக்கொண்டு நிற்கும்போது கம்பனி அங்கே நிற்பதில்லை. அளவுக்கு மீறிப் பலத்தைப் பயன்படுத்தியவரே அதற்குக் குற்றவியல் பொறுப்பாளி என்று 26ஆம் பிரிவு சொல்கிறது. மேற்பார்வையாளர் சொன்னார் என்பது அங்கே கவசமாகாது. குடியுரிமை இன்னும் கிடைக்காத ஒருவருக்குப் பாரதூரமான குற்றத்தீர்ப்பு வதிவுரிமையையே ஆட்டங்காணச் செய்யலாம். எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்திருப்பது எதிரே நிற்பவரைக் காப்பதுபோலவே காவலாளியையும் காக்கிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. இப்பரீட்சையைத் தமிழில் வைக்கும்படி கோரலாமே? வாகனச் சாரதிகளுக்கான முதற்படி எழுத்துத் தேர்வை இம்மாகாணத்தில் தமிழிலேயே எழுதலாம். காவலாளிப் பரீட்சையோ ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டுமே. நாம் இதைப் பற்றி நீண்ட நேரம் வாதிட்டோம். முடிவில் பெரும்பாலோர் கருத்து, கோரிக்கை வைக்கவேண்டியது பரீட்சைத் தாளுக்காக அன்று என்பதே. காவலாளி எழுதும் அறிக்கை நாளை நீதிமன்றத்தில் வாசிக்கப்படலாம். தீயணைப்புப் படையினரிடம் அவர் ஆங்கிலத்தில் பேசித்தான் ஆகவேண்டும். ஆகவே இறுதித் தேர்வு அம்மொழியில் இருப்பதில் நியாயம் உண்டு. ஆனால் தேர்வு எழுதும் மொழியும் விளங்கிக்கொள்ளும் மொழியும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. முதலில் தமிழில் விளங்கி, பின்னர் ஆங்கிலத்தில் விடையளிப்பதற்குத் தடை ஏதும் இல்லை. அதற்கு வேண்டிய தெளிவான தமிழ்க் கையேடு நமது கைக்கு எட்டவில்லை என்பதே குறை. அதை அரசுதான் செய்யவேண்டும் என்று காத்திருக்க வேண்டியதும் இல்லை.

அறிக்கை எழுதும் பகுதிக்கு வந்தபோது நாமே மாணவர் ஆனோம். குறிப்பேட்டில் பக்கம் கிழிக்கக்கூடாது. வெற்றிடம் விடக்கூடாது. பிழை நேர்ந்தால் ஒற்றைக் கோட்டால் வெட்டிச் சுருக்கொப்பம் இடவேண்டும். அடித்து மறைக்கலாகாது. நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்டதை எழுதவேண்டும், கருதியதை எழுதக்கூடாது. 'கோபமாக இருந்தார்' என்பது கருத்து. 'உரத்துப் பேசினார், கையால் மேசையில் மூன்றுமுறை அடித்தார்' என்பது காட்சி. 'சந்தேகத்துக்கிடமான ஆள்' என்பது கருத்து. 'நீல மேலங்கி அணிந்தவர், வாகனத் தரிப்பிடத்தில் நான்கு கார்களின் கதவுகளை இழுத்துப் பார்த்தார்' என்பது காட்சி. நமது சிறுகதைப் பட்டறைகளில் ஆண்டுக்கணக்காக நாம் தொண்டை வறளச் சொல்லிவரும் பாடம் இது. ஒரு வேறுபாடு உண்டு. சிறுகதையில் தவறினால் கதை கெடும். இங்கே தவறினால் ஒரு மனிதர் தம் தோலின் நிறத்துக்காகச் 'சந்தேகத்துக்கிடமானவர்' ஆவார். அந்தச் சொல்லால் சோதனைச் சாவடிகளில் நிறுத்திவைக்கப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. சீருடையின் மறுபக்கத்தில் நிற்கும்போது அதை மறந்துவிடலாகாது.

ஆகவே நாம் ஒன்று தீர்மானித்திருக்கிறோம். கூட்டம் இல்லாத ஞாயிறுகளில், ஸ்காபரோவில் வழமையாகக் கூடும் அதே நூலக அறையில், இப்பரீட்சைக்குப் படிப்பவர்களோடு இரண்டு மணிநேரம் அமர்வது. பயிற்சி நிலையத்தின் 40 மணிநேரத்துக்கு இது மாற்று அன்று, துணை மட்டுமே. வினாக்கொத்துகள் கொண்டுவரப்படலாம். ஆனால் ஒவ்வொரு விடைக்கும் 'ஏன்' என்று தமிழில் சொன்ன பின்னரே அடுத்த வினா. கூடவே சட்டச் சொற்களுக்கு எளிய தமிழ் விளக்கம் தரும் ஒரு சிறு அகராதியும் தயாராகிறது. முதற் பதிவு, 'கையும் களவுமாக'. தட்டச்சுத் தெரிந்தவர்களும், இத்தொழிலில் அனுபவம் உள்ளவர்களும் கைகொடுத்தால் விரைவில் முடியும்.

மாஸ்ரர் அடுத்த மாதம் மீண்டும் எழுதுகிறார். சென்ற ஞாயிறு அவரிடம் ஒரு பயிற்சி கொடுத்தோம். நூலக அறையில் அரைமணிநேரம் நடப்பதை அப்படியே குறிப்பேட்டில் எழுதவேண்டும். எழுதி முடித்து வாசித்தார். '14:10. நண்பர் ஒருவர் நாவலொன்றைப் பாராட்டிப் பேசினார். 14:25. இன்னொருவர் அதை மறுத்தார். 14:40. இருவரும் தேநீர் அருந்தினர்.' நடுவே ஒரு சொல்லை ஒற்றைக் கோட்டால் வெட்டிச் சுருக்கொப்பம் இட்டிருந்தார். என்ன சொல் என்று உற்றுப் பார்த்தோம். 'அநாவசியமாக' என்று எழுதியிருந்தது. "அது என்ரை அபிப்பிராயம், காட்சியில்லை" என்றார்.