கிளட்ச் ஆயில் குறைஞ்சுக்கிட்டே இருக்கா? டாப்-அப் பண்ணி ஓட்டாதீங்க!

சிக்னலில் வண்டி நிற்கிறது. கிளட்ச்சை முழுசாகப் பிடித்திருந்தும் பைக் மெல்ல முன்னால் நகரப் பார்க்கிறது. நியூட்ரல் விழ மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. லீவரை அழுத்தினால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கைப்பிடி வரை போய் ஒட்டிக்கொள்கிறது. ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பைக்கில் இப்படி நடந்தால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: எங்கேயோ ஆயில் கசிகிறது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் பல இடங்களில் நடப்பது இதுதான். மூடியைத் திறந்து ஆயிலை நிரப்புவார், லீவரை நாலு தடவை அழுத்திப் பார்ப்பார், “ஒண்ணும் இல்ல சார், ரெண்டு வாரம் ஓட்டிப் பாருங்க” என்பார். ரெண்டு வாரத்தில் மறுபடி அதே கதை. இந்த டாப்-அப் பழக்கம்தான் உண்மையான ஆபத்து. கசிவை அது சரி செய்வதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் தள்ளிப்போடுகிறது. ஒருநாள் பறக்கும் சாலையின் நடுவில் லீவர் மொத்தமாகக் கைவிடும்.

எந்த வண்டிகளுக்கு இந்தப் பிரச்சினை?

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் இருப்பது கேபிள் கிளட்ச். ஸ்ப்ளெண்டர், புல்லட், 390 டியூக் எல்லாமே அப்படித்தான். சுஸுகி ஹயபூசா, டுகாட்டியின் பல மாடல்கள், கேடிஎம்மின் 1290 வரிசை போன்ற பெரிய வண்டிகளில்தான் ஹைட்ராலிக். இவை இப்போது செகண்ட்-ஹேண்டில் நிறையக் கைமாறுகின்றன. பத்து, பதினைந்து வயதான வண்டியை ஆசையாக வாங்குகிறவருக்கு, அதோடு சேர்த்து பத்து, பதினைந்து வயதான ரப்பர் சீலும் வந்து சேர்கிறது. திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ இருப்பவர், இதற்காக வண்டியை டெம்போவில் ஏற்றி சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப வேண்டுமா என்பதுதான் கேள்வி.

வேண்டியதில்லை. ஓரளவு டூல்ஸும் பொறுமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே முடிக்கக்கூடிய வேலை இது. ‘பிரேக், கிளட்ச்சில் எல்லாம் கை வைக்கக் கூடாது’ என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பிரேக்கில் தவறு செய்தால் வண்டி நிற்காது. கிளட்ச்சில் தவறு செய்தால் பிரேக் அப்படியே இருக்கும். கில் சுவிட்சை அணைத்து, பிரேக் பிடித்து ஓரம் கட்டிவிடலாம். இரண்டும் வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், ஹைட்ராலிக் வேலை பழக கிளட்ச்தான் சரியான இடம். வாரண்டியில் இருக்கும் வண்டிக்கு மட்டும் இது பொருந்தாது. அதை சர்வீஸ் சென்டரிடமே விட்டுவிடலாம்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

அமைப்பு எளிமையானது. லீவருக்குப் பக்கத்தில் மாஸ்டர் சிலிண்டர். அங்கிருந்து ஒரு குழாய் இன்ஜினுக்கு அருகில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகிறது. லீவரை அழுத்தினால் ஆயில் தள்ளும், ஸ்லேவில் உள்ள பிஸ்டன் நகரும், அது புஷ் ராடைத் தள்ளி கிளட்ச் பிளேட்டுகளை விடுவிக்கும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பிரேக்கில் ஆயில் அளவு குறைந்தால், பேட் தேய்ந்ததுகூடக் காரணமாக இருக்கலாம். கிளட்ச்சில் கதை தலைகீழ். பிளேட் தேயத் தேய புஷ் ராட் பின்னுக்கு வந்து ஆயிலை மேலே தள்ளும். அளவு கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆகவே கிளட்ச் ஆயில் குறைந்தால் அது கசிவுதான். ‘தேய்மானம் சார்’ என்று யாராவது சொன்னால் நம்பத் தேவையில்லை.

லீவருக்கு அடியில் ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் சீல். குழாய் சேரும் போல்ட்டைச் சுற்றி ஈரம் என்றால் செம்பு வாஷர். ஆனால் பழைய ஹயபூசா போன்ற வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்லேவ் சிலிண்டரைத்தான். அது இருப்பது இடது பக்கம், முன் ஸ்ப்ராக்கெட்டை ஒட்டி. செயின் லூப், ரோட்டு மண், மழைத் தண்ணீர் எல்லாம் கலந்து களியாகச் சேரும் மூலை அது. அந்த மண் பிஸ்டன் வரைக்கும் போய் சீலை அறுக்கிறது. செயினுக்கு லூப் அடிப்பவர்கள் வருஷத்துக்கு ஒருதடவை அந்தக் கவரைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தால் பாதிக் கசிவு வந்தே இருக்காது.

அங்கே இருக்கும் ஈரம் இன்ஜின் ஆயிலா, கிளட்ச் ஆயிலா என்று சந்தேகம் வரும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மிதந்தால் இன்ஜின் ஆயில். கரைந்தால் பிரேக் ஆயில். (அந்த டம்ளர் திரும்ப சமையலறைக்குப் போகக் கூடாது.) மினரல் ஆயில் போடும் வண்டிகளில் மட்டும் இந்தச் சோதனை உதவாது, அதுவும் மிதக்கும்.

எந்த ஆயில் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு டாட் 4. சில வண்டிகளின் கிளட்ச்சுக்கு மினரல் ஆயில். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுப்போகும். ரிசர்வாயர் மூடியிலேயே எழுதியிருக்கும், படித்துவிட்டு ஊற்றுங்கள். பாதி தீர்ந்து வருஷக்கணக்கில் கிடந்த டாட் 4 பாட்டிலும் வேண்டாம். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 4-ன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 155 டிகிரிதான். புது பாட்டிலின் விலை சில நூறு ரூபாய். இதில் சிக்கனம் பார்க்க ஒன்றுமில்லை.

வேலையை எப்படிச் செய்வது?

முதலில் டேங்கையும் ஃபேரிங்கையும் ஈரத்துணியால் மூடுங்கள். டாட் 4 பெயின்ட்டைத் தின்றுவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், துடைப்பது போதாது. கையுறை, கண்ணாடி கட்டாயம்.

ஸ்லேவைக் கழற்றும் முன்பே குழாய் போல்ட்டை ஒருமுறை லேசாகத் தளர்த்தி, மறுபடி முறுக்கிவிடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு பிறகு அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. அடுத்து ஸ்லேவை இன்ஜினிலிருந்து பிரித்து, குழாய் மாட்டியபடியே ஒரு ட்ரேயில் துணிக்கு நடுவே வைத்து, லீவரை மெதுவாக அழுத்தினால் பிஸ்டன் தானாக வெளியே வரும். காற்றடித்துத் தள்ள வேண்டாம், குண்டு மாதிரிப் பாயும்.

பிஸ்டனை எடுத்ததும் சிலிண்டரின் உள்சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள். விரல் நகத்தை ஓட்டும்போது குழியோ கீறலோ தட்டினால், சீலை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை, மறுபடி கசியும். முழு ஸ்லேவையும் மாற்றிவிட வேண்டியதுதான். சுவர் வழுவழுப்பாக இருந்தால் ரப்பர் கிட் போதும்.

சுத்தம் செய்ய நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் கைக்கு வருவது பெட்ரோல் டப்பா. இந்த வேலையில் மட்டும் அதைத் தொடக்கூடாது. பெட்ரோல், டீசல், சாதா கிரீஸ் எதுவும் டாட் 4-க்கான ரப்பருக்கு ஆகாது. புது டாட் 4-ஐயே கொஞ்சம் ஊற்றிக் கழுவலாம், சீலையும் அதிலேயே நனைத்து மாட்டலாம். சீலின் உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் முதல் அழுத்தத்திலேயே கசியும். குழாய் போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் புது செம்பு வாஷர். டார்க் ரெஞ்ச் வைத்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும்.

அந்த மேனுவல் எல்லோருக்கும் எளிதில் கிடைக்கிறதா என்பது தனிக் கேள்வி. பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஆராய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனங்களும் ஒன்று. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வண்டியின் ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது சலுகை ஆகாது, வாங்கியவரின் உரிமை.

ஏர் எடுக்கும்போது அவசரம் கூடாது

பலர் தோற்றுப்போவது இங்கேதான். ஸ்லேவின் நிப்பிளில் ஒரு தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் இருக்கும் பாட்டிலில் முக்குங்கள். லீவரை அழுத்திப் பிடித்து, நிப்பிளைத் திறந்து, மூடி, அதன் பிறகே லீவரை விட வேண்டும். வரிசை மாறினால் காற்று திரும்ப உள்ளே போகும். ரிசர்வாயர் காலியாகாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

அப்படியும் லீவர் சொதசொதவென்றே இருந்தால், காற்று மேலே மாஸ்டர் சிலிண்டரின் போல்ட் அருகே மாட்டிக்கொண்டிருக்கும். லீவரை அழுத்தி, கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் கட்டை அவிழ்த்ததும் குமிழிகள் ரிசர்வாயருக்கு ஏறிவிடும்.

கட்டும் முன் வண்டிக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால், முதல் ஓட்டம் தெருவுக்குள்ளேயே இருக்கட்டும். ஆயில் அளவுக்கு நேராக ஒரு டேப் ஒட்டி, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். தாளில் ஈரம் தெரிந்தால் புது சீலைச் சந்தேகப்படும் முன் அந்த செம்பு வாஷரைப் பாருங்கள், பெரும்பாலும் பழையதையே திரும்ப மாட்டியிருப்பீர்கள்.