மிக்கேலின் பெயரால்

நம் ஆலயங்களில் தூய மிக்கேல் அதிதூதரின் சுரூபத்தைக் கண்டிராதவர் இரார். ஒரு கையில் வாளோ ஈட்டியோ, மறு கையில் தராசு, காலடியில் நெளியும் பசாசு. பல ஊர்களில் சிற்பியின் கைவண்ணம் ஒரு விந்தையைச் செய்திருக்கிறது. மிதிக்கிற அதிதூதரைவிட மிதிபடுகிறவனே அங்கு உயிர்ப்புடன் தோன்றுகிறான். அவனுடைய கொம்பும் கோரைப்பல்லும் வௌவால் சிறகும் கண்ணில் தங்கிவிடுகின்றன. அதிதூதரின் முகம் தங்குவதில்லை. சுரூபத்துக்கு நேர்ந்த இக்கதியே இன்று போதனைக்கும் நேர்ந்திருக்கிறது. 'ஆன்மிகப் போர்' என்னும் பெயரால் நடைபெறும் கூட்டங்கள் சிலவற்றில் சாத்தானின் பெயர் ஒலிக்கும் அளவுக்கு ஆண்டவரின் திருப்பெயர் ஒலிப்பதில்லை. கண்டும் காணாதிருப்பது இனித் தகாது என்பதாலேயே இதனை எழுதத் துணிகிறோம்.

சாத்தான் என்பது வெறும் உருவகம், பழங்காலத்தவரின் அச்சம் பெற்ற பிள்ளை என்று சொல்லி நழுவுகிறவர்களோடு நாம் சேரவில்லை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1972ஆம் ஆண்டு நவம்பர் மாதப் பொது மறையுரையிலும், விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1975இல் வெளியிட்ட ஏட்டிலும், திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் எழுதிய திருத்தூது ஊக்கவுரையிலும் அந்த நழுவலுக்கு இடம் தரவில்லை. போர் உண்டு. நம் வழக்கு அதைப்பற்றியதன்று. யார் யாரோடு பொருதுகிறார், எவ்விடத்தில், எந்தக் கருவியால் என்பதே நம் வழக்கு.

'கடவுளுக்கும் சாத்தானுக்கும் நடக்கும் போர்' என்று மேடையில் முழங்குகிறார்கள். கேட்பவர்களும் தலையசைக்கிறார்கள். இது கிறிஸ்தவப் போதனையன்று, மானியின் போதனை. ஒளிக்கு ஒரு முதல்வன், இருளுக்கு ஒரு முதல்வன் என்று சொன்ன அந்நெறியில் புனித அகுஸ்தீனாரே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிக்கிக் கிடந்தார். மீண்டு வந்தபின் வாழ்நாளெல்லாம் அதை எதிர்த்து எழுதினார். பசாசு கடவுளால் படைக்கப்படாதது, தானே தோன்றியது என்பாரை 561இல் பிராகா சங்கம் சபித்து விலக்கியது. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் இன்னும் தெளிவாக உரைத்தது: பசாசும் மற்றத் தீய ஆவிகளும் கடவுளால் இயல்பில் நல்லவையாகவே படைக்கப்பட்டன, தம் செயலாலேயே அவை தீயவையாயின. எனவே சாத்தான் படைப்புப்பொருள். அவன் கடவுளுக்கு ஈடாக நிற்கும் எதிரியல்லன். கடவுளின் முன் அவன் வீழ்ந்துபோன ஊழியன். அவனை எதிர்த்து நிற்பதற்கும் மற்றொரு படைப்பான மிக்கேலே போதும். 'கடவுளுக்கு நிகர் யார்?' என்பதே அந்த அதிதூதருடைய பெயரின் பொருள். பெயரே போர்முழக்கம், அதற்குமேல் அவருக்கு வேறு முழக்கம் வேண்டியிருக்கவில்லை.

திருவெளிப்பாடு பன்னிரண்டாம் அதிகாரத்தை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். விண்ணகத்தில் போர் மூண்டது, மிக்கேலும் அவர்தம் தூதரும் அரக்கப்பாம்போடு பொருதனர், அது கீழே தள்ளப்பட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த இரண்டு வசனங்களை வாசித்தால் என்ன? தள்ளப்பட்டவனுக்கு யோவான் அங்கே ஓர் அடைமொழி தருகிறார்: நம் சகோதரர்மீது கடவுளின் திருமுன் அல்லும் பகலும் குற்றம் சுமத்தியவன். 'சாத்தான்' என்னும் எபிரேயச் சொல்லுக்கு எதிராளி என்பது பொருள். வழக்குமன்றத்தில் எதிர்த்து நின்று குற்றம் சாட்டுகிறவனையும் அச்சொல்லால் குறிப்பர். யோபு நூலில் அவன் செய்யும் வேலையும் அதுவே. 'தியாபொலோஸ்' என்ற கிரேக்கச் சொல்லோ அவதூறு பேசுகிறவனைக் குறிக்கும். வாளும் நெருப்பும் பின்னாளில் ஓவியர் தந்தவை. மறைநூல் அவனுக்குத் தரும் படைக்கலம் நாக்கு. மண்ணுலகில் அவனை வென்றவர்கள் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தாலும் தங்கள் சான்றுமொழியாலும் வென்றார்கள் என்கிறது அடுத்த வசனம். கூச்சலால் வென்றதாக அங்கு எழுதப்படவில்லை.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் திருத்தலங்கள் சிலவற்றின் கொடிமரத்தடிக்கு வருவோம். தலைவிரி கோலமாக ஓர் இளம்பெண். சுற்றிலும் கூட்டம். தன்னைத்தானே நியமித்துக்கொண்ட ஒருவர், குருப்பட்டமும் இல்லை, ஆயரின் அனுமதியும் இல்லை, ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு விசாரணை நடத்துகிறார். நீ யார்? எந்த ஊர்? உன்னை ஏவிவிட்டது யார்? அந்தப் பெண்ணின் வாயிலிருந்து ஏதோ ஒரு பெயர் வருகிறது. ஓரகத்தியின் பெயராக இருக்கலாம், அடுத்த வீட்டுக் கைம்பெண்ணின் பெயராக இருக்கலாம். அன்று மாலைக்குள் ஒரு குடும்பம் இரண்டாகிறது. பசாசு பொய்யன், பொய்க்குப் பிறப்பிடம் என்று ஆண்டவரே யோவான் நற்செய்தியில் கூறியிருக்க, அந்தப் பொய்யனின் வாக்குமூலத்தை வேதவாக்காகக் கொண்டு அயலார்மீது பழி சுமத்துவது எவ்வகை விசுவாசம்? பேசியது பசாசு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது வேண்டியதைச் சாதித்துக்கொண்டு போயிற்று. பேசியது நோயுற்ற மனம் என்றால், நோயாளி ஒருத்தியைக் கொண்டு குற்றமற்ற ஒருத்தியைக் கொன்றாயிற்று. எப்படிப் பார்த்தாலும் அங்கே வென்றவர் மிக்கேல் அல்லர். குற்றம் சுமத்துவோனின் திருப்பணியை மிக்கேலின் பெயரால் செய்துகொண்டிருக்கிறோம்.

இன்னும் ஒன்று. கிணற்றில் விழுந்து இறந்தவளின் ஆவி, தூக்கிட்டுக்கொண்டவனின் ஆவி என்று அங்கே பேசப்படுகிறது. தமிழில் 'பேய்' என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும் நம்பிக்கை இது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, வள்ளுவரும் ஆண்ட 'அலகை' என்னும் பழஞ்சொல்லைச் சாத்தானுக்கு எடுத்துக்கொண்டது. முன்னோர் 'பசாசு' என்றனர். சொல் எதுவாயினும், திருச்சபை பேசுவது வீழ்ந்த வானதூதரைப் பற்றியே. இறந்த மனிதரைப் பற்றியன்று. இறந்தவரின் ஆன்மா இறந்தவுடனேயே தனக்குரிய நிலையை அடைகிறது என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336இல் வரையறுத்தார். அது புளியமரத்தில் காத்திருப்பதில்லை. 1614இன் உரோமைச் சடங்குநூல் பேயோட்டும் குருவுக்குத் தரும் எச்சரிக்கை இன்னும் கூர்மையானது: தீய ஆவி தன்னை ஒரு புனிதரின் ஆன்மாவென்றோ, இறந்தவரின் ஆன்மாவென்றோ, நல்ல வானதூதரென்றோ காட்டிக்கொண்டால் நம்பாதே, வீண் ஆவலால் கேள்வி கேட்காதே. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே உரோமை அறிந்திருந்த இதை இன்றைய ஒலிபெருக்கிகள் அறியவில்லை. தற்கொலையில் மகளை இழந்த ஒரு தாய், 'உன் மகள்தான் அடுத்த தெருப் பெண்ணைப் பிடித்திருக்கிறாள்' என்று கேட்கும்போது அவளுக்குள் என்ன நிகழும் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவளுக்கு இரண்டாம் முறையும் மகள் சாகிறாள்.

'இலேகியோனிடம் ஆண்டவர் பெயர் கேட்கவில்லையா?' என்பார்கள். கேட்டார், ஒரே முறை. கப்பர்நாகூம் தொழுகைக்கூடத்திலோ 'வாயை மூடு' என்று அதட்டினார். தம்மை அறிந்திருந்த பேய்களை அவர் பேசவிடவில்லை என்று மாற்கு முதல் அதிகாரத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். எழுபத்திரண்டு சீடர் திரும்பிவந்து, பேய்களும் எங்களுக்கு அடிபணிகின்றன என்று பூரித்தபோது, அதற்காக மகிழ வேண்டாம், உங்கள் பெயர்கள் விண்ணகத்தில் எழுதப்பட்டிருப்பதற்காக மகிழுங்கள் என்றார். யூதாவின் திருமுகமோ நம்மை இன்னும் நாணச் செய்கிறது. மோசேயின் உடலைக் குறித்து அலகையோடு வாதாடிய அதிதூதர் மிக்கேலே அதைப் பழித்துரைக்கத் துணியவில்லையாம்; கண்டிப்பதை ஆண்டவரிடம் விட்டுவிட்டாராம். அதிதூதருக்கு இருந்த அடக்கம் அரைமணி நேரப் போதகருக்கு இல்லை.

இவையெல்லாம் எளிய மக்களின் அறியாமை, படித்த நாடுகளில் நடவாது என்று எண்ணிவிட வேண்டா. ஜெர்மனியின் கிளிங்கன்பெர்க் என்னும் ஊரில், வலிப்புநோய்க்கு மருத்துவம் பெற்றுவந்த கல்லூரி மாணவி ஒருத்திக்குப் பேய் பிடித்ததாக முடிவுசெய்து, ஆயரின் அனுமதியோடே 1975 செப்டம்பர் தொடங்கி 67 முறை பேயோட்டும் சடங்கு நடத்தினார்கள். இறுதி மாதங்களில் மருத்துவரை அழைக்கவில்லை. 1976 ஜூலை முதல் நாள், உணவின்றி மெலிந்து, தன் இருபத்து மூன்றாம் வயதில் அவள் இறந்தாள். 1978இல் நீதிமன்றம் பெற்றோரையும் குருக்கள் இருவரையும் கவனக்குறைவால் உயிரிழப்பு விளைவித்த குற்றவாளிகள் எனத் தீர்த்தது. அவர்கள் தீயவர் அல்லர், செபித்தவர்கள். அதுவே நம்மை உலுக்க வேண்டும். நம் நாட்டிலோ, 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். அது வேறு சமயத்தார் திருத்தலத்தை அடுத்த ஊர் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. ஆவி பிடித்தது என்று சொல்லி நோயாளியை மருத்துவரிடமிருந்து விலக்கும் வழக்கத்துக்குச் சமய வேறுபாடு கிடையாது. எந்த வகையிலும் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்திருக்கிறது.

திருச்சபையின் ஒழுங்கு மறைபொருளன்று. தலத்திரு ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதியின்றி எவரும் பேய்பிடித்தவர்மேல் பேயோட்டும் சடங்கை நிகழ்த்தலாகாது. பக்தியும் அறிவும் விவேகமும் நேர்மையும் உள்ள குருவுக்கே அவ்வனுமதி தரப்படும் என்கிறது சட்டம் 1172. பொதுநிலையினர் தாமாகவே இத்தகைய கூட்டங்களை நடத்துவதை 1985இல் பேராயம் ஆயர்களுக்கு எழுதிய மடல் விலக்கியது. 1992இன் மறைக்கல்வி நூல், மனநோய் முற்றிலும் வேறானது, அதற்குரியது மருத்துவம் என்கிறது. 1999இல் வெளிவந்த புதிய சடங்குநூல், பேயோட்டுதல் பார்வையாளருக்குக் காட்சியாகக் கூடாது எனத் திட்டமாகச் சொல்கிறது. இவற்றை மறையுரையில் எடுத்துச் சொல்லாத எங்கள் குருகுலமும் இந்த வழக்கில் பதில் சொல்ல வேண்டியதே. நொவேனாக் கூட்டம் குறைந்துவிடுமோ என்ற கவலை சிலருக்கு.

வானதூதரைக் குறித்தும் ஒரு சொல். திருவிழாக் கடைகளில், மறைநூல் அறியாத வானதூதர் பெயர்கள் அச்சிட்ட செபத்தாள்கள் விற்கின்றன. 745இல் திருத்தந்தை சக்கரியாவின் தலைமையில் உரோமையில் கூடிய சங்கம், ஆல்டெபெர்ட் என்பவன் இத்தகைய பெயர்களைக் கொண்டு இயற்றிய செபத்தைக் கண்டித்தது. மிக்கேல், கபிரியேல், இரபேல் என்னும் மூன்றுக்கு அப்பால் பெயர் சூட்ட வேண்டாம் என 2001இல் வெளியான பக்திமுயற்சிகள் பற்றிய வழிகாட்டி நூலும் கூறுகிறது. காவல் தூதர் பெயரின்றியே காப்பார்.

அப்படியானால் போர் எங்கே? புனித தோமா அக்குவினாசின் கருத்துப்படி, வானதூதராயினும் தீய ஆவியாயினும் மனிதனின் விருப்புறுதியை உள்ளிருந்து அசைக்க இயலாது. அது கடவுளுக்கே உரியது. கற்பனையைக் கிளறலாம், தூண்டலாம், அவ்வளவே. எல்லாப் பாவமும் பசாசின் தூண்டுதலால் விளைவதுமில்லை என்று அவரே எழுதுகிறார். நாம் இலஞ்சம் வாங்கிவிட்டுச் சாத்தான் சோதித்தான் என்பதற்கு அவரிடம் ஆதரவு கிடையாது. புனித இஞ்ஞாசியாரோ களத்தை இன்னும் அணுக்கமாகக் காட்டுகிறார். நன்மையில் முன்னேற முயல்பவனுக்குத் துயரமும் கலக்கமும் தந்து தடுப்பது தீய ஆவி. துணிவும் கண்ணீரும் அமைதியும் தருவது நல்ல ஆவி. தீயவன் ஒளியின் தூதனாக வேடமிட்டு நல்ல எண்ணத்தோடு நுழைந்து, தன் எண்ணத்தோடு வெளியேறுவான். ஆகையால் எண்ணம் தொடங்கிய இடத்தை மட்டுமின்றி அது சென்று முடிந்த இடத்தையும் பார்க்க வேண்டும் என்கிறார். செபத்தில் தொடங்கிய ஒரு கூட்டம் அண்டை வீட்டாரைப் பகைப்பதில் முடிந்தால், இடையில் நுழைந்தவன் யார் என்று கண்டுகொள்ள இவ்விதி போதும்.

திருமுழுக்கின்போது சாத்தானையும் அவன் செயல்களையும் விட்டுவிடுகிறோம் என்று வாக்களிக்கிறோம். ஆண்டுதோறும் பாஸ்கா திருவிழிப்பில் அதைப் புதுப்பிக்கிறோம். இலத்தீன் சடங்கில் அங்கே மூன்றாவதாக ஒரு சொல் உண்டு: 'பொம்ப்பா'. ஆரவாரம், ஊர்வலம், பகட்டு என்றெல்லாம் அது பொருள்படும். கார்த்தேஜ் நகரின் தெர்த்துல்லியன், மூன்றாம் நூற்றாண்டுக்கு முன்பின்னாகக் களியாட்டக் காட்சிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். திருமுழுக்கில் விட்டுவிட்ட பசாசின் பொம்ப்பா, கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கும் அரங்கமே என்பது அவர் வாதம். அடுத்த பாஸ்கா இரவில் மெழுகுதிரியைக் கையில் ஏந்தி அந்த மறுமொழியைச் சொல்லும்போது, நம் கொடிமரத்தடி விசாரணைகளும் அந்தச் சொல்லுக்குள் அடங்குமா என்பதை ஒவ்வொரு பங்கும் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும். அடங்கும் என்பதே நம் துணிபு.