கிரயம் முடியும் முன்னே இடியும் சுவர்

ஒரு வீடு கைமாறும் நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரரின் பழைய கணக்குகள் எல்லாம் வெளியே வருகின்றன. அதுவரை பேச்சில்லாமல் கிடந்த பொதுச்சுவர், சாக்கடை, இரண்டடிச் சந்து, எல்லைக்கல் எல்லாம் முன்பணம் வாங்கிய மறுநாளே தகராறாகின்றன. சுவர் இடிபடுகிறது, குழாய் உடைகிறது, கல் பிடுங்கப்படுகிறது. இது எல்லாச் சாதியாருக்கும் நடப்பதுதான். ஆனால் விற்பவரோ வாங்குபவரோ தலித்தாக இருக்கும்போது அந்தச் சேதத்துக்கு வேறு ஒரு நோக்கமும் இருக்கக்கூடும்.

ஊர்த்தெருவில் அல்லது அதை ஒட்டி ஒரு தலித் குடும்பம் வீடு வாங்கினால், உடைந்த சுவர் சொல்லும் செய்தி 'இங்கே வராதே' என்பது. தலித் குடும்பம் விற்கும்போது கணக்கு வேறு. சேதத்தைப் பார்த்து வாங்க வந்தவர் பின்வாங்குவார். விலை இறங்கும். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரோ அவர் உறவினரோ பாதி விலைக்குக் கேட்பார். மகளின் படிப்புக்கோ மருத்துவச் செலவுக்கோ விற்க வந்தவர் எவ்வளவு நாள் காத்திருப்பார்?

இந்த நிலையில் காவல் நிலையம் போனால் கிடைக்கும் பதில் நமக்கெல்லாம் மனப்பாடம்: "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க." இது பாதி உண்மை மட்டுமே. எல்லை யாருடையது என்பது உரிமையியல் நீதிமன்றம் தீர்க்க வேண்டியது. சுவரை வேண்டுமென்றே இடிப்பது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவு சொத்துச் சேதத்தைப் பற்றியது. சேதத்தின் மதிப்பு 20,000 ரூபாய்க்கு மேல் ஒரு லட்சத்துக்குள் என்றால் 2 ஆண்டு வரை, ஒரு லட்சமோ அதற்கு மேலோ என்றால் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சுவர் தன் இடத்தில் நிற்கிறது என்று ஒருவர் நினைத்தால் அவர் வழக்குப் போட வேண்டும், கடப்பாரையைத் தூக்கக் கூடாது.

அடுத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. பட்டியல் சாதியினரை அவர்களுடைய நிலத்திலிருந்தோ கட்டடத்திலிருந்தோ சட்டவிரோதமாக வெளியேற்றுவதும், அவற்றை அவர்கள் அனுபவிக்கும் உரிமையில் தலையிடுவதும் இதன் 3(1)(ஜி) பிரிவின்படி குற்றம். ஆனால் இந்தப் பிரிவை எழுதிக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. உத்தராகண்டில் ஒரு தலித் பெண் வீடு கட்டும்போது இடையூறு செய்து, கட்டுமானப் பொருட்களை எடுத்துச் சென்று, சாதி சொல்லித் திட்டியதாக ஒரு வழக்கு. அதில் 2020 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தின் கீழான குற்றச்சாட்டை ரத்து செய்தது. திட்டியது வீட்டின் நான்கு சுவர்களுக்குள் நடந்தது, பொதுமக்கள் பார்வையில் அல்ல என்றது. நிலம் யார் கையில் என்ற வழக்கு ஏற்கெனவே உரிமையியல் நீதிமன்றத்தில் இருக்கிறது, சாதியின் காரணமாகத் துன்புறுத்தல் நடந்தால் ஒழிய வெறும் சொத்துத் தகராறு இச்சட்டத்துக்குள் வராது என்றும் சொன்னது. மிரட்டல் முதலிய பிற குற்றங்களுக்கான விசாரணை தொடரலாம் என்று விட்டுவிட்டது.

இந்தத் தீர்ப்பு நமக்கு உவப்பானது அல்ல. சாதியும் சொத்தும் பின்னிக் கிடக்கும் கிராமத்தில், இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் பாரத்தை அது பாதிக்கப்பட்டவர் தலையில் வைக்கிறது. ஆனாலும் நாளை நம் புகாரும் இதே அளவுகோலில்தான் அளக்கப்படும். ஆகவே என்ன சொன்னார்கள், எந்த இடத்தில் சொன்னார்கள், யார் கேட்டார்கள் என்பதைப் புகாரிலேயே எழுத வேண்டும். அதே தெருவில் மற்றச் சாதியார் வீடு விற்றபோது இப்படி எதுவும் நடக்கவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் நம்மையோ நம் குடும்பத்தையோ அறிந்தவர் என்றால், நம் சாதி அவருக்குத் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் என்கிறது 8ஆம் பிரிவு. இல்லை என்றால் அவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இழிவுபடுத்தும் குற்றங்களுக்கு உரியது. 3(1)(ஜி) பிரிவில் அந்த நிபந்தனை இல்லை. திட்டியதை மட்டும் எழுதிவிட்டு, சுவர் இடிந்ததை ஒரு வரியில் முடிக்கும் புகார்கள் பலவீனப்படுவது இதனால்தான்.

காலனிக்குள் இருவரும் தலித்துகளாக இருந்து வரும் தகராறும் குறைவல்ல. தொகுப்பு வீடுகள் நெருங்கி நிற்கும் இடத்தில், ஒருவர் இடித்துக் கட்டினால் மற்றவர் சுவர் வெடிக்கிறது. அங்கே வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது. கொத்தனாரிடம் செலவுக் கணக்கு வாங்கி, பேசி, எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்ட பிறகு கிரயத்துக்குப் போவதே நல்லது. நாம் இருவரும் முட்டிக்கொண்டால், இரண்டு வீட்டையும் மலிவாகக் கேட்க மூன்றாமவர் வருவார்.

சேதம் யார் தலையில் விடியும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின்படி கிரயப் பத்திரம் பதிவாகும் வரை வீடு விற்பவருடையது. ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து ஒப்படைக்கும் நாள் வரை வீட்டைப் பொறுப்பாகக் காப்பதும் அவர் கடமை. தெரிந்த குறையை மறைக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். நம் மக்களோ இன்னும் வெறும் முத்திரைத்தாளில் எழுதி அட்வான்ஸ் வாங்குகிறார்கள். பதிவான ஒப்பந்தத்தில், இடையில் சேதம் வந்தால் யார் சரிசெய்வது என்று ஒரு வரி சேர்த்தால் விலையைக் குறைத்துப் பேச இடமிருக்காது.

சுவர்த் தகராறு சில்லறை விஷயம் என்று நினைக்கும் அதிகாரிகள் மேட்டுப்பாளையம் நடூரை நினைத்துப் பார்க்க வேண்டும். 2019 டிசம்பர் 2 அதிகாலை, பக்கத்து வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் சரிந்து ஆதிதிராவிடர் காலனி வீடுகள்மேல் விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவர் ஆபத்தானது என்று முன்பே சொல்லியிருந்தோம் என்றார்கள் அந்த மக்கள். காலனிக்காரர் கொடுக்கும் சுவர் மனுவை அலட்சியமாக ஒதுக்குவதன் விலை உயிராகவும் இருக்கலாம்.

வீடு விற்க நினைப்பவர் முதலில் பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்துவிட வேண்டும். ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மனையா, பஞ்சமி நிலமா, அதில் விற்பனைக்கு நிபந்தனை உண்டா என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்லியே பக்கத்து வீட்டுக்காரர் மிரட்டுவது உண்டு. தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பித்து அளந்து கல் நட்ட பிறகே முன்பணம் வாங்க வேண்டும். சுவர், கூரை, குழாய், சந்து எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வைக்க வேண்டும். சேதம் நடந்தால் அன்றே புகார் கொடுத்து ரசீது கேளுங்கள். நிலையத்தில் வாங்க மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்குப் பிறகு நீதித்துறை நடுவரிடம் போகலாம். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. வன்கொடுமைப் புகாருக்கு 14566.

கல்லூரி படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. பட்டாவையும் புலப்படத்தையும் செல்போனிலேயே எடுக்கலாம். நம் தெருவில் யாராவது வீடு விற்பதாகப் பேச்சு வந்தால், தரகர் வரும் முன்னே நீங்கள் போய் அந்தத் தாள்களை எடுத்துப் படித்துச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் அப்பாவும் கைநாட்டு வைக்கும் பாட்டியும் அவர்களுடைய ஒரே சொத்தை விற்கப் போகிறார்கள்.