மலிவுக்கும் ஒரு ருசி உண்டு

பியர் ரசிகர்களிடையேயும் மேல்தட்டு, கீழ்த்தட்டு உண்டு. ஜெர்மன், பெல்ஜியச் சரக்குகளைச் சிலாகிப்பவர்கள், அமெரிக்காவின் மலிவு லாகரை வெறும் தண்ணீர் என்று ஒதுக்கிவிடுவார்கள். இது அநியாயம். 19-ம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மானியர்களுக்குக் கிடைத்த பார்லியில் புரதம் அதிகம், பியர் கலங்கியது. எனவே மக்காச்சோளத்தையும் அரிசியையும் சேர்த்தார்கள். 1876-ல் பிறந்த பட்வைசரில் இன்றும் அரிசி உண்டு. கிடைத்தது கனமில்லாத, கசப்பு குறைந்த, சுமார் 5 சதவீத ஆல்கஹால் கொண்ட பானம். வெயிலில் உழைத்தவனின் தாகத்துக்கு அதுதான் பொருத்தம்.

நம் ஊரில் அதன் உறவுக்காரரைத் தேடினால், பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பாலக்காட்டு எல்லையைத் தாண்ட வேண்டும். சித்தூர் தாலுகாவின் தென்னந்தோப்புகளில் பாளை சீவி இறக்கும் கள், கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு வண்டியேறுகிறது. கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறினால் இடுக்கி. அந்த மலைநாட்டில் கூந்தல்பனைக் கள்ளும் உண்டு. மரவள்ளிக் கிழங்கும் காரமான மீன் குழம்பும் துணை.

லாகர் என்ற பெயரே, சேமித்து வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. கள் அதற்கு நேர் எதிர். காலையில் இனிப்பு, மதியம் துவர்ப்பும் நுரையும், மாலையில் புளிப்பு. மறுநாள் அது காடி. எனவே கள்ளின் ருசி என்பது அது இறக்கப்பட்ட நேரத்தின் ருசி. குளிர்பெட்டியில் வைத்து அந்த நேரத்தை நீட்டலாமே தவிர, நிறுத்த முடியாது.

இந்த எல்லையின் தமிழகப் பக்கத்தில் கள்ளுக்கடை கிடையாது. 1987 ஜனவரி 1-ல் கள், சாராயக் கடைகள் மூடப்பட்டன. கலப்படமும், போதைக்காகக் கலந்த ரசாயனமும் காரணமாகச் சொல்லப்பட்டன. அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் 42.8 சதவீத ஆல்கஹால் கொண்ட பிராந்தி தடையின்றி விற்கிறது. 2003 முதல் அதை அரசின் டாஸ்மாக்கே சில்லறையிலும் விற்கிறது. கேரளம் 1996-ல் சாராயத்தைத் தடை செய்தபோது, கள்ளை விட்டுவைத்தது. கள் இறக்கும் தொழிலாளர்களுக்கென்று 1969-லேயே நலநிதிச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் அது.

அமெரிக்காவும் மதுவிலக்கைப் பார்த்த நாடுதான். 1920-ல் தொடங்கிய விலக்கு 1933 டிசம்பரில் முடிந்தது. ஆனால் அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஏப்ரல் 7-ல், எடையில் 3.2 சதவீதம் மட்டுமே ஆல்கஹால் உள்ள பியருக்கு அனுமதி கிடைத்தது. கடினமான சரக்குகள் எட்டு மாதம் காத்திருந்தன. எது லேசானதோ அது முதலில் என்பது அவர்கள் கணக்கு. நாம் லேசானதை மூடி, கடுமையானதைத் திறந்து வைத்திருக்கிறோம்.

கள்ளும் குடும்பங்களைக் கெடுத்திருக்கிறது. அதைப் புனிதமாக்க வேண்டியதில்லை. ஆனால் கூலிக்காரன் குடிக்கும் மலிவான பானம் என்பதால் மட்டுமே அது கேவலமாகிவிடாது. கலப்படம்தான் பிரச்னை என்றால் கலப்படத்தைத் தடுக்க வேண்டும். பாளை சீவுகிறவனின் அரிவாளைப் பிடுங்கி, அவனையே பிராந்திக் கடை வரிசையில் நிறுத்துவது எந்த வகையில் மதுவிலக்கு?