'பாதுகாப்பு' என்ற பெயரில் பறிக்கப்பட்ட பிள்ளைகள்

லில்லெஸ்ட்ரோம்:

பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கும் அதிகாரம் அரசுக்கு எவ்வளவு தூரம் உண்டு என்னும் வினா, நோர்வே வாழ் எம்மக்களிடையே அடிக்கடி அச்சத்தோடு எழுப்பப்படுகின்றது. அதனை நிதானமாக ஆராய, பிலிப் நொய்ஸ் இயக்கி 2002 இல் வெளிவந்த 'ராபிட் புரூஃப் ஃபென்ஸ்' என்னும் அவுஸ்திரேலியத் திரைப்படம் எமக்குத் துணைபுரிகின்றது. டொரிஸ் பில்கிங்டன் தமது தாயாரின் வரலாற்றை எழுதி 1996 இல் வெளியிட்ட நூலே இதன் மூலமாகும்.

1931 ஆம் ஆண்டில், மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜிகலோங்கிலிருந்து மோலி, டெய்சி, கிரேசி என்னும் மூன்று ஆதிக்குடிச் சிறுமியர் தொலைவிலுள்ள மூர் ரிவர் குடியிருப்புக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கிருந்து தப்பிய அவர்கள், முயல்களைத் தடுப்பதற்காக இடப்பட்ட நெடுவேலியை வழிகாட்டியாகக் கொண்டு சுமார் 1600 கிலோமீற்றர் தூரத்தைக் கடக்க முற்பட்டனர். கிரேசி வழியில் பிடிபட்டாள். மற்றைய இருவரும் வீடு சேர்ந்தனர். ஆயினும் மோலி பின்னாளில் தம் பிள்ளைகளுடன் மீண்டும் அதே குடியிருப்புக்குக் கொண்டு செல்லப்பட்டார். நூலாசிரியர் டொரிசும் சிறு பிராயத்திலேயே தாயைப் பிரிந்து வளர நேர்ந்தது.

இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. இப்பிரிவினைக்கு ஆணையிட்ட அதிகாரியின் பதவிப் பெயர் 'ஆதிக்குடிகளின் தலைமைப் பாதுகாவலர்' என்பதாகும். 1905 ஆம் ஆண்டுச் சட்டம், ஆதிக்குடிப் பிள்ளைகளின் சட்டபூர்வப் பாதுகாவலராக அவரையே ஆக்கியிருந்தது. பெற்றோரின் சொல் எங்கும் கேட்கப்படவில்லை. 1910 முதல் 1970 வரை, பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையான ஆதிக்குடிப் பிள்ளைகள் இவ்வாறு பிரிக்கப்பட்டிருக்கலாம் என 1997 இன் விசாரணை அறிக்கை கணித்தது. பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது 2008 பெப்ரவரி 13 அன்றே.

இவ்வரலாறு தென்கோளத்துக்கு மட்டும் உரியதன்று. நோர்வேயின் வடபுலத்துச் சாமி இனப் பிள்ளைகளின் தாய்மொழி, 1898 ஆம் ஆண்டின் கட்டளையால் பாடசாலையில் ஓரங்கட்டப்பட்டது. 1905 முதல் எழுந்த அரச விடுதிப் பாடசாலைகள் அவர்களை வீட்டிலிருந்தும் மொழியிலிருந்தும் விலக்கின. நாடோடிகளாக வாழ்ந்த தாத்தர் மக்களிடமிருந்து சுமார் 1500 பிள்ளைகள் பறிக்கப்பட்டனர். கிறிஸ்தவ மிஷன் அமைப்பொன்று இதில் அரசின் கையாக இயங்கியது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை 2023 ஜூன் 1 அன்று கையளிக்கப்பட, 2024 நவம்பர் 12 அன்று சாமி, குவேன், வனப் பின்னியர் ஆகியோரிடம் நோர்வேப் பாராளுமன்றம் மன்னிப்புக் கோரியது.

இன்றைய 'பார்னவேர்ன்' எனப்படும் சிறுவர் நலத்துறையை அப்பழைய இனக் கொள்கையோடு ஒன்றாக வைத்தல் நேர்மையாகாது. இனத்தை அழிப்பது அதன் நோக்கமன்று. துன்புறும் பிள்ளையைக் காப்பதே அதன் கடமை. எனினும் எம்மவரின் அச்சம் முழுவதும் கற்பனை எனத் தள்ளவும் இயலாது. சோமாலியாவிலிருந்து அகதியாக வந்த இளம் தாயொருவரின் மகன் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் வளர்க்கப்பட்டு, பின்னர் அவர்களுக்கே தத்துக் கொடுக்கப்பட்டான். அத்தாய் முஸ்லிம். 2021 டிசம்பர் 10 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வு, நோர்வே குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறியது என ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அதே மதத்தைச் சார்ந்த குடும்பமே வேண்டும் என நீதிமன்றம் விதிக்கவில்லை. தாய்க்கும் மகனுக்குமான பிணைப்பையும், அவனது பண்பாட்டு மதப் பின்னணியையும் பேணப் போதிய வழி செய்யப்படவில்லை என்பதே அதன் முடிவு.

ஆகவே நல்லெண்ணம் மட்டும் எந்தப் பிள்ளைக்கும் காவலாகாது. பெற்றோர் கேட்கப்படும் உரிமையும், அதனை அவர்கள் பயன்படுத்தும் அறிவும் சேர்ந்தே காவலாகும். பிள்ளையைப் பொறுப்பேற்கும் வழக்கு நியாயசபைக்குச் செல்லுமாயின் பெற்றோருக்கு இலவசச் சட்டத்தரணி உண்டு; முடிவை நீதிமன்றுக்குக் கொண்டு செல்லவும் இயலும். 2022 இல் நடைமுறைக்கு வந்த சட்டம், தேவைப்படுமிடத்துத் தகைமையுள்ள மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்தும் கடமையை அரச அலுவலகங்களுக்கு விதிக்கின்றது. பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது, அவசர வேளைகள் போன்ற விதிவிலக்குகள் தவிர, தடை செய்யப்பட்டுள்ளது. வழக்குக்கே காரணமான பிள்ளையை இருதரப்புக்கும் இடையே நிறுத்துவது எத்துணைக் கொடுமை என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

எம்பக்கத்துக் கடமையும் உண்டு. 'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழியை இங்கு கொண்டு வந்தோர், பிள்ளையை அடிப்பது நோர்வேயில் 1987 முதலே சட்டத்தால் விலக்கப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். வதந்திக்கு அஞ்சி, பாடசாலையிலிருந்து வரும் கடிதத்தைத் திறவாமல் வைப்பதும், உதவி தேவைப்படும் வேளையில் கதவை அடைத்துக் கொள்வதும் பிள்ளைக்கே தீங்காய் முடியும்.

மோலிக்கு ஒரு வேலி வழிகாட்டியது. கேட்பதற்கு ஒரு மன்று இருக்கவில்லை. எமக்கு மன்று உண்டு. அங்கு எம் சொல்லை, எம் மொழியிலேயே, காலந்தாழ்த்தாது உரைப்போமாக.