கனமே வலிமையா?



கிடர்பூரில் நாங்கள் குடியிருக்கும் சந்தின் கோடியில் சென்ற மாதம் ஒரு வீட்டிற்கு மேல்தளம் போட்டார்கள். வங்கத்தார் அதனை 'டாலாய்' என்பர். விடியும்போதே கலவை இயந்திரம் இரையத் தொடங்கிற்று. வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் தந்தையார், "நல்ல கனமாப் போடுறாங்க, நூறு வருசம் நிக்கும்" என்றார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தே எங்களை ஆளாக்கியவர் அவர். ஆயினும் அவர் சொல்லுக்கு என்னால் உடன்பட இயலவில்லை. கனம் வேறு, வலிமை வேறு.

எண்ணிப் பாருங்கள். தளத்தின்மேல் சுமை ஏறும்போது அதன் நடுப்பகுதியில் மேற்புறம் நசுங்குகிறது, கீழ்ப்புறம் இழுபடுகிறது. கான்கிரீட் நசுக்கத்தை நன்கு தாங்கும். இழுவையையோ, அதில் பத்தில் ஒரு பங்கு அளவிற்கே தாங்கும். அதனால்தான் கீழ்ப்புறத்தில் இரும்புக் கம்பி இடுகிறோம். அப்படியாயின், கம்பிகளுக்கு இடையே கீழ்ப்புறத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கான்கிரீட் செய்யும் தொண்டு யாது? பெரும்பாலும் தன் எடையைப் பிறர் தலையில் ஏற்றுவதே!

அதனை நீக்கும் வழியைப் பொறியியலார் கண்டனர். பணியாரச் சட்டியைக் கவிழ்த்தால் அடியில் குமிழ்கள் தெரியும் அல்லவா? அவைபோன்ற பிளாஸ்டிக் அச்சுகளைச் சென்ட்ரிங் பலகைமேல் வரிசையாகப் பரப்புவர். அவற்றின் இடைவெளிகளில் கம்பி கட்டி, மேலே கான்கிரீட் இடுவர். இறுகியபின் முட்டும் அச்சும் கழற்றினால், கீழிருந்து பார்ப்பவருக்குக் குழிகளும், குறுக்கும் நெடுக்கும் ஓடும் விலாக்களும் தெரியும். அச்சின் பக்கங்கள் சரிவானவை, எளிதிற் கழலும், மீண்டும் மீண்டும் உதவும்.

ஆதாயம் எவ்வளவு? 30 செ.மீ. கனமுள்ள திண்மையான தளம் ஒரு சதுர மீட்டருக்கு 750 கிலோ எடையுள்ளது. அதே உயரத்தில் 7.5 செ.மீ. மேற்பலகையும், 15 செ.மீ. அகல விலாக்கள் நடுவுக்கு நடு 90 செ.மீ. தொலைவிலும் அமைத்தால், எடை ஏறத்தாழ 360 கிலோவாகக் குறையும். அச்சின் சரிவும், தூணைச் சுற்றிய பகுதியும் இதனைச் சற்றுக் கூட்டும். ஏனெனில் தூணருகே நிலைமை தலைகீழ்: அங்கே கீழ்ப்புறம் நசுங்குகிறது, தூண் தளத்தைத் துளைக்கவும் முனைகிறது. ஆகவே அங்கே குழி கூடாது. எங்கே நீக்கலாம், எங்கே நீக்கலாகாது என்பதை அறிவதே கலை.

கல்கத்தாவின் மண் கங்கை கொணர்ந்த மென்களிமண். மேலே குறையும் ஒவ்வொரு கிலோவும் அம்மண்ணுக்கு ஓர் ஆறுதல். நிலநடுக்கத்தின் விசையும் கட்டடத்தின் எடைக்கு ஏற்பவே வளரும்.

இந்த முறை நம் சந்துகளின் பத்தடி அறைக்கு ஏற்றதன்று. அகன்ற கூடங்களுக்கே உரியது. ஆயினும் தத்துவம் ஏழைக்கும் பொதுவே. லாரி பேக்கர் கேரளத்தில், தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட்டுக்கு மாற்றாக ஓடுகளைப் பதித்துக் குறைந்த செலவில் வீடுகள் கட்டிக் காட்டவில்லையா?

அன்று மாலை இவற்றைத் தந்தையாருக்குப் படம் வரைந்து விளக்கினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "சரிதாம்பா. ஆனா கணக்குப் போட்டுத்தான் குறைச்சானா, திருடிக் குறைச்சானான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். 2024 மார்ச் 17 இரவு, எங்களுக்கு அண்மையிலுள்ள கார்டன் ரீச்சில், அனுமதியின்றி எழுந்துகொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் அருகிருந்த குடிசைகள்மேல் சரிந்தது. பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டதையும் நாம் மறக்கலாமா? கனத்தில் நம் மக்கள் வைக்கும் நம்பிக்கை அறியாமை அன்று. கட்டுபவனை நம்ப முடியாதபோது, கண்ணுக்குத் தெரியும் கனத்தையாவது நம்புகிறார்கள்!

ஆகவே குறைத்தல் இருவகைப்படும்: கணக்கிட்டுக் குறைத்தல், களவாடிக் குறைத்தல். முன்னதற்கு வரம்பு உண்டு. விலா 65 மி.மீ.க்குக் குறையலாகாது, விலாக்கள் நடுவுக்கு நடு 1.5 மீட்டருக்கு மேல் விலகலாகாது என்று 2000-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 விதிநூல் வரையறுக்கிறது. பின்னதற்கு வரம்பேது?

என் கோரிக்கைகள் இரண்டு. தளம் போடும் ஒவ்வோர் இடத்திலும், வரைந்த பொறியாளர் பெயர், தளத்தின் கனம், கம்பியின் அளவு, முட்டு எடுக்கும் நாள் ஆகியவற்றைத் தெருவார் படிக்குமாறு பலகையில் எழுதி வைக்கச் சட்டம் வேண்டும். பள்ளிக் கூடங்களையும் அங்காடிகளையும் குமிழ் அச்சுத் தளத்தால் கட்டி, நகராட்சியே நல்வழி காட்டவேண்டும்.

தோழர்களே! அப்பலகையைப் படித்துப் பொருள் சொல்ல நாமல்லவா முன்வரவேண்டும்? தமிழிலும், வங்கத்திலும், உருதுவிலும் அண்டை வீட்டாருக்கு விளக்க இயலாத அறிவியல், நமக்குப் பட்டம் தரலாம். எவர் தலைக்குமேலும் கூரையாகாது. தந்தையர் தோளில் சுமந்து நம்மைப் படிக்கவைத்தனர். அவர்கள் தலைக்குமேல் உள்ள சுமையையேனும் நாம் கணக்கிடுவோம்!